பஞ்ஜி எத்தனை முறை விற்கப்பட்டது?

கேள்வி இதுதான்: “ஹேலோ கேமை உருவாக்கிய பஞ்ஜியை முதலில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அப்புறம் ஆக்டிவிஷன் வாங்கியது, இப்போது சோனி வைத்திருக்கிறது. இவ்வளவு கை மாறியும் கம்பெனி பெயர் மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது? ஹேலோ ஏன் அவர்களிடம் இல்லை?”

கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆக்டிவிஷன் பஞ்ஜியை வாங்கவே இல்லை. கம்பெனி முழுதாகக் கை மாறியது இரண்டே முறை: 2000-இல் மைக்ரோசாஃப்ட்டிடம், 2022-இல் சோனியிடம். இடையில் 2007-இல் மைக்ரோசாஃப்ட்டை விட்டு வெளியே வந்தார்கள். இவை தவிர டேக் டூ, நெட்ஈஸ் என்ற இரண்டு கேம் நிறுவனங்கள் வெவ்வேறு காலத்தில் கொஞ்சம் பங்கு வாங்கின. கேம்களை வெளியிடும் கம்பெனியான ஆக்டிவிஷனிடம் இருந்தது ஒரு வெளியீட்டு ஒப்பந்தம், அவ்வளவுதான்.

சினிமாவை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு டைரக்டர் சொந்த பேனரில் படம் எடுக்கிறார். விநியோகஸ்தர் எம்.ஜி. (மினிமம் கியாரண்டி) பணத்தை முன்கூட்டியே கொடுத்து வெளியிடுகிறார். போஸ்டரில் விநியோகஸ்தர் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பேனர் டைரக்டருடையதுதான். அதே டைரக்டர் ஒரு பெரிய கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்து படம் எடுத்தால், தலைப்பு முதல் ரீமேக் உரிமை வரை எல்லாம் கம்பெனிக்குப் போய்விடும். வேலையை விட்டுப் போகும்போது கையை வீசிக்கொண்டு போக வேண்டியதுதான். பஞ்ஜி இந்த இரண்டு நிலையிலும் இருந்திருக்கிறது. அதனால் அதன் கதையைப் படிக்கும்போது “யார் வாங்கினார்கள்” என்பதைவிட, ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் எந்த கேமை விட்டுவிட்டுப் போனார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால் விஷயம் தெளிவாகும்.

ஆரம்பம் சிகாகோவில். அலெக்ஸ் செரோபியன் சிகாகோ பல்கலைக்கழக மாணவர். 1990-இல் ‘நாப்’ என்று ஒரு சின்ன கேம் செய்து இலவசமாகக் கொடுத்தார். பழைய ‘பாங்’ கேமைப் போலவே செய்து, பெயரைத் திருப்பிப் போட்டது. 1991 மே மாதம் பஞ்ஜி என்ற கம்பெனியைத் தொடங்கி, ‘ஆபரேஷன் டெசர்ட் ஸ்டார்ம்’ என்ற டாங்கிச் சண்டை கேமை விற்றார். பெட்டியில் டிஸ்க் போட்டு மூடும் வேலையையும் வீட்டில் உட்கார்ந்து அவரே செய்தார். சுமார் 2,500 பிரதிகள் விற்றன. அதே பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் உடன் படித்த ஜேசன் ஜோன்ஸ் தன்னிடம் பாதி முடிந்த ஒரு கேம் இருக்கிறது என்றார். அது 1992-இல் ‘மினோட்டார்’ என்று வந்தது. அதன்பிறகு இருவரும் பங்காளிகள். செரோபியன் வியாபாரம் பார்த்தார், ஜோன்ஸ் கேம் செய்தார்.

அவர்கள் ஆப்பிளின் மெகின்டாஷ் (மேக்) கணினிக்கு மட்டும் கேம் செய்ததற்கு ஆப்பிள் மீதான பக்தி மட்டும் காரணமில்லை. பிசி பக்கம் போட்டி கழுத்தை நெரித்தது. மேக் பக்கம் கேம்களே குறைவு. சுமாரான கேம்கூட கண்ணில் படும். இவர்கள் செய்தது சுமாரும் இல்லை. 1993-இல் ‘பாத்வேஸ் இன்டு டார்க்னஸ்’, 1994 டிசம்பரில் ‘மாரத்தான்’. மாரத்தானில் சுடுவதோடு, சுவரில் இருக்கும் கணினித் திரைகளில் வரும் செய்திகளைப் படித்துக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டுப் பேர் வரை நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடலாம். பிசிக்காரர்கள் ‘டூம்’ என்ற ஷூட்டர் கேமைக் காட்டிப் பீற்றிக்கொண்டபோது மேக்காரர்கள் பதிலுக்குக் காட்ட ஒன்று கிடைத்தது. 1995, 1996 என்று அடுத்தடுத்து இரண்டு தொடர்ச்சிகள். இந்த மாரத்தானை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

1997-இல் ‘மித்’ என்ற போர்த்தந்திர கேமை மேக், விண்டோஸ் இரண்டிலும் ஒரே நேரத்தில் வெளியிட்டு பிசி உலகிலும் பெயர் வாங்கினார்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ‘பஞ்ஜி வெஸ்ட்’ என்று ஒரு கிளை திறந்து ‘ஓனி’ என்ற கேமையும் ஆரம்பித்தார்கள். இந்த வளர்ச்சி எல்லாம் தங்கள் கேமைத் தாங்களே அச்சடித்து, தாங்களே கடைகளுக்கு அனுப்பிச் செய்தது. அப்படிச் செய்யும் சின்னக் கம்பெனிக்கு லாபமும் முழுசு, அடி விழுந்தால் அடியும் முழுசு.

அடி விழுந்தது 1998 டிசம்பரில். ‘மித் 2’ தயாராகி, பெட்டிகள் கிளம்பும் நேரத்தில் ஒரு பிழை தெரியவந்தது. கேமை அழிக்க உதவும் அன்இன்ஸ்டாலரில் கோளாறு. வழக்கமான இடத்தில் கேமைப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. வேறொரு போல்டரில் போட்டிருந்தால், அன்இன்ஸ்டாலர் கேமை மட்டும் அழிக்காமல் அந்த போல்டர் மொத்தத்தையும் துடைத்துவிடும். யாராவது ஹார்ட் டிஸ்க்கின் முதல் நிலையிலேயே போட்டிருந்தால் டிஸ்க்கே காலி. இன்றைக்கு என்றால் முதல் நாள் பேட்ச் ஒன்றை இறக்கி ஒரு மன்னிப்புக் குறிப்போடு முடித்திருப்பார்கள். அன்றைக்கு அந்த வசதி இல்லை. வாங்கியவர்களில் எத்தனை பேர் கேமை விசித்திரமான இடத்தில் போட்டு, அப்புறம் அழிக்கவும் செய்வார்கள் என்று கணக்குப் போட்டு, பேசாமல் இருந்திருக்கலாம். அவர்கள் அப்படி இருக்கவில்லை. பெட்டிகளைத் திரும்ப வாங்கி, சரிசெய்த பதிப்பை அனுப்பினார்கள். செலவு சுமார் 8 லட்சம் டாலர்.

என்னைக் கேட்டால் பஞ்ஜியின் பிற்காலம் முழுவதற்கும் விதை இந்த 8 லட்சம்தான். ஒரு பக்கம் ஓனி இழுத்துக்கொண்டே போகிறது, இன்னொரு பக்கம் ஜோன்ஸும் மற்றவர்களும் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள், கையில் காசு இல்லை. 1999-இல் டேக் டூ நிறுவனத்துக்கு 19.9 சதவீதப் பங்கை விற்று மூச்சு விட்டார்கள். இதுதான் முதல் முறையாக வெளியார் ஒருவர் உள்ளே வந்தது.

அந்தப் புதிய கேம்தான் ஹேலோ. ஆரம்பத்தில் மித் போல மேலிருந்து பார்த்து ஆடும் போர்த்தந்திர கேமாக இருந்தது. பிறகு வீரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதாக மாறி, கடைசியில்தான் அவன் கண் வழியாகப் பார்க்கும் ஷூட்டர் ஆனது. அதன் ரகசியப் பெயர் முதலில் ‘மங்கி நட்ஸ்’. அம்மாவிடம் சொல்ல முடியாத பெயராக இருக்கிறதே என்று ஜோன்ஸ் அதை ‘பிளாம்’ என்று மாற்றினார். 1999 ஜூலை 21 அன்று நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சி மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸே ஜோன்ஸை அழைத்து ஹேலோவை அறிமுகப்படுத்தினார். கேம் என்றாலே ஒதுங்கிப் போகும் ஆப்பிள், ஒரு கேமை முன்னால் வைத்து “பாருங்கள்” என்றது. மேக் ரசிகர்களுக்கு அன்று தீபாவளிதான்.

பதினோரு மாதம்கூட நிலைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் அப்போது எக்ஸ்பாக்ஸ் என்ற, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. பெட்டி இருக்கிறது, அதை விற்றுக்கொடுக்க ஒரு கேம் வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் கேம் வெளியீட்டுப் பிரிவுத் தலைவர் எட் ஃப்ரீஸ். விற்கும் யோசனையோடு பஞ்ஜி தரப்பிலிருந்து அவருக்கு போன் போனது. இதைக் கவனியுங்கள்: பெரிய கம்பெனி வந்து சின்னக் கம்பெனியை விழுங்கிவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கதவைத் தட்டியது பஞ்ஜி. 2000 ஜூன் 19 அன்று அறிவிப்பு வந்தது. ஜாப்ஸுக்குக் கடும் கோபம். மைக்ரோசாஃப்ட்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மருக்கே போன் போட்டுக் கத்தினார் என்று ஃப்ரீஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமாதானம் பேசும் வேலையும் ஃப்ரீஸ் தலையிலேயே விழுந்தது.

இங்கே கணக்கைப் பாருங்கள். டேக் டூவிடம் இருந்த 19.9 சதவீதத்தையும் மைக்ரோசாஃப்ட் வாங்க வேண்டும். அந்தப் பேரத்தில் மித், ஓனி இரண்டின் உரிமையும் டேக் டூவுக்குப் போனது. சான் ஹோசே ஆட்கள் ஓனியை முடித்துக் கொடுத்தார்கள். 2001 ஜனவரியில் அது வந்தபோது பஞ்ஜிக்கும் அதற்கும் எழுத்துப்பூர்வமான தொடர்பு எதுவும் மிச்சமில்லை. முதல் வீடு மாற்றத்தின் விலை இரண்டு கேம்கள். ஹேலோ, பஞ்ஜியோடு சேர்ந்து மைக்ரோசாஃப்ட்டின் சொத்தானது.

சிகாகோவை விட்டு வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டுக்குப் போனார்கள். மேக்குக்கும் பிசிக்கும் என்று தொடங்கிய கேமை ஒன்றரை ஆண்டுக்குள் இன்னும் பிறக்காத ஒரு பெட்டிக்கு மாற்ற வேண்டும். 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸும் ஹேலோவும் ஒரே நாளில் கடைக்கு வந்தன. அடுத்த ஏப்ரலுக்குள் ஹேலோ பத்து லட்சம் பிரதிகள் விற்றது. எக்ஸ்பாக்ஸ் என்ற பெயர் இன்று இருப்பதற்கு ஹேலோதான் முக்கியக் காரணம் என்று சொன்னால் மைக்ரோசாஃப்ட்காரர்களே மறுக்க மாட்டார்கள். என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்தது ரொம்ப நாள் கழித்துத்தான். 2003-இல் விண்டோஸ் பதிப்பு வந்து, அதன் இலவச டெமோ எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் கணினி ஒன்றில் யாரோ போட்டுவைத்திருந்தார்கள். ‘பிளட் கல்ச்’ என்ற ஒரே மைதானத்தில் மணிக்கணக்கில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது பஞ்ஜி செய்தது என்றோ, பஞ்ஜி யாருடையது என்றோ அப்போது யாருக்குத் தெரியும்.

செரோபியன் 2002-இல் விலகிப் போனார். கம்பெனியைத் தொடங்கியவர் இல்லாமலே பஞ்ஜி தொடர்ந்தது. ‘ஹேலோ 2’ அவர்களைக் கிட்டத்தட்ட உடைத்துவிட்டது. 2003-இல் இ3 கண்காட்சியில் கூட்டத்தை வாய்பிளக்க வைத்த டெமோவின் கிராஃபிக்ஸ் எஞ்சினையே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. இரவு பகல் பார்க்காத வேலை. கதை பாதியில் வெட்டுப்பட்டு, “சண்டையை முடிக்கப் போகிறேன்” என்று நாயகன் சொல்லும் இடத்தில் படக்கென்று முடிந்தது. இருந்தும் 2004 நவம்பர் 9 அன்று ஒரே நாளில் 12.5 கோடி டாலர் வசூல். அந்தப் பணத்தைப் பார்த்து சந்தோஷப்பட்ட அதே ஆட்கள்தான் “இதில் நமக்கு என்ன வந்தது” என்றும் கேட்டுக்கொண்டார்கள். சம்பளமும் போனஸும் வந்தன. ஹேலோ அவர்களுடையதாக இல்லை.

மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் ஒரே அறையில் சேர்ந்து உட்காரும் வழக்கத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்ததால், கொஞ்ச நாளில் பக்கத்து ஊரான கிர்க்லாண்டில், முன்பு ஹார்ட்வேர் கடையாக இருந்த கட்டடத்துக்கு மாறியிருந்தார்கள். ஜன்னல்கூட சரியாக இல்லாத அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் பிரிந்துபோகும் பேச்சு வளர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

2007 செப்டம்பர் 25 அன்று ‘ஹேலோ 3’. அமெரிக்காவில் மட்டும் முதல் நாள் 17 கோடி டாலர். சரியாகப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 5 அன்று, பஞ்ஜி தனிக் கம்பெனியாகிறது என்ற அறிவிப்பு. கேம் உலகில் இப்படி நடப்பது அபூர்வம். பெரிய கம்பெனி வாங்கிய ஸ்டுடியோ பொதுவாக இரண்டில் ஒரு வழியில் முடியும்: இழுத்து மூடப்படும், அல்லது பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சும். கம்பெனியின் முதன்மையான கேமைச் செய்கிறவர்களே வாசல் வழியாக நடந்து வெளியே போனதற்கு வேறு உதாரணம் எனக்கு லேசில் ஞாபகம் வரவில்லை.

மைக்ரோசாஃப்ட் ஏன் விட்டது? ஸ்டுடியோ என்பது நாற்காலியும் கணினியும் இல்லை; ஆட்கள்தான். அவர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தால் கையில் மிஞ்சுவது ஒரு வாடகைக் கட்டடம். சுமுகமாகப் பிரிந்தால் ஹேலோ உரிமை முழுதாகத் தங்கும், பஞ்ஜியில் ஒரு சிறு பங்கும் தங்கும், அவர்களே இன்னும் சில ஹேலோ கேம்கள் செய்து கொடுப்பார்கள். அப்படித்தான் 2009-இல் ‘ஓடிஎஸ்டி’யும் 2010 செப்டம்பரில் ‘ரீச்’சும் வந்தன. ரீச்சின் கதையே ஒரு கிரகத்தைக் காப்பாற்ற முடியாமல் ஒரு படை முழுதும் ஒவ்வொருவராக விழுவது. பிரிவு உபசாரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது. அதற்குப் பிறகு ஹேலோவைப் பார்த்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் ‘343 இண்டஸ்ட்ரீஸ்’ என்ற தனி ஸ்டுடியோவை வைத்தது. கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை இதுதான்: விடுதலைக்குக் கொடுத்த விலை ஹேலோ.

இனி ஆக்டிவிஷன். 2010 ஏப்ரலில் பத்தாண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆக்டிவிஷன் தன் ‘கால் ஆஃப் டூட்டி’யை உருவாக்கிய ஸ்டுடியோவின் தலைவர்களான ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா இருவரையும் வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. அந்தச் சண்டை கோர்ட்டுக்குப் போனது. அதில் சாட்சியமாகத் தாக்கலான காகிதங்களில் பஞ்ஜியின் ஒப்பந்தமும் ஒன்று. 2012 மே மாதம் அது பத்திரிகைக்கு வந்துவிட்டது. யாரோ இரண்டு பேர் போட்ட வழக்கில் மூன்றாமவர் வீட்டுப் பத்திரம் சந்திக்கு வந்த கதை. ஆனால் அதனால்தான் இப்படிப்பட்ட ஒப்பந்தம் உள்ளே எப்படி இருக்கும் என்று நம்மால் பார்க்க முடிகிறது.

‘டெஸ்டினி’ என்ற பெயரில் ஒன்றுவிட்ட ஆண்டுகளில் நான்கு கேம்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ‘காமெட்’ என்ற ரகசியப் பெயரில் நான்கு பெரிய விரிவாக்கங்கள். முதல் கேம் 2013-இலேயே வர வேண்டும். விமர்சனத் தொகுப்புத் தளம் ஒன்றில் அது 90 மதிப்பெண்ணாவது வாங்கினால் பஞ்ஜிக்கு 25 லட்சம் டாலர் போனஸ். பணம் ஆக்டிவிஷனுடையது, ஆனால் டெஸ்டினி என்ற பெயர், கதை, உலகம் எல்லாம் பஞ்ஜிக்கே சொந்தம். ஏழு ஆண்டு மைக்ரோசாஃப்ட்டில் இருந்து கற்ற பாடத்தை ஒரே வரியில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு சின்ன வரியும் எனக்குப் பிடித்தது: ஊழியர்களில் 5 சதவீதத்துக்கு மிகாமல் ‘மாரத்தான்’ என்ற பெயரில் ஒரு முன்மாதிரிக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பழைய பெட்டியில் மடித்து வைத்த கல்யாணப் புடவை மாதிரி, அந்தப் பெயரை அவர்கள் விடவே இல்லை.

கிர்க்லாண்டிலிருந்து பெல்வியூ நகரில், முன்பு சினிமா தியேட்டராக இருந்த இடத்துக்கு மாறினார்கள். தேதி தள்ளியது. 2013-இல் கதையையே பிரித்துப் போட்டு மறுபடி தைத்தார்கள். ஹேலோ கதைகளை எழுதிய ஜோசஃப் ஸ்டேட்டன் அந்த ஆண்டு விலகினார். இசையமைப்பாளர் மார்ட்டி ஓடொனெல் விவகாரம் இன்னும் கசப்பானது. 2013 இ3 டிரெய்லரில் அவர் இசைக்குப் பதிலாக ஆக்டிவிஷன் வேறு இசையைப் போட, அவர் பொதுவெளியில் எதிர்த்துப் பேச, உரசல் வளர்ந்து 2014 ஏப்ரலில் பஞ்ஜி அவரை வேலையிலிருந்து நீக்கியது. பங்குக்காக அவர் போராடி வென்றது தனிக்கதை. சொல்ல வந்தது இதுதான்: உரிமை பஞ்ஜியிடம் இருந்தாலும் தேதியும் டிரெய்லரும் பணம் கொடுத்தவர் கையில் இருந்தன.

2014 செப்டம்பர் 9 அன்று டெஸ்டினி வந்தது. கடைகளுக்கு விற்ற சரக்கின் மதிப்பு முதல் நாளே 50 கோடி டாலர். விமர்சன மதிப்பெண்ணோ 70களின் நடுவில் நின்றது. அந்த 25 லட்சம் போனஸ் போச்சு. அடுத்தது ‘டெஸ்டினி 2’, 2017 செப்டம்பரில். அதற்கு வந்த விரிவாக்கங்களில் 2018-இன் ‘ஃபார்சேக்கன்’ ஆடியவர்களுக்குப் பிடித்தது, ஆக்டிவிஷனுக்குப் பிடிக்கவில்லை. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை என்று முதலீட்டாளர்களிடம் அவர்கள் சொல்ல, எங்களுக்கு அதில் ஏமாற்றம் இல்லை என்று டெஸ்டினியின் இயக்குநர் லூக் ஸ்மித் வெளிப்படையாகவே சொன்னார். கட்டிய வீட்டில் மாமியாரும் மருமகளும் தெருவுக்குக் கேட்கப் பேச ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தனிக்குடித்தனம்தான்.

அதற்கான காசு 2018 ஜூனிலேயே வந்திருந்தது. சீனாவின் நெட்ஈஸ் 10 கோடி டாலர் போட்டு ஒரு சிறு பங்கையும் இயக்குநர் குழுவில் ஓர் இடத்தையும் பெற்றது. 2019 ஜனவரி 10 அன்று ஆக்டிவிஷனும் பஞ்ஜியும் பிரிந்தன. இந்த முறை டெஸ்டினி வெளியீட்டு உரிமையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். 2010-இல் எழுதி வாங்கிய வரி வேலை செய்தது. அக்டோபர் 1 அன்று டெஸ்டினி 2-இன் அடிப்படைப் பகுதியை இலவசமாக்கி, பிசியில் ஆக்டிவிஷன் தரப்பின் ஆன்லைன் கேம் தளமான பேட்டில்நெட்டை விட்டு ஸ்டீம் என்ற தளத்துக்கு மாறினார்கள். முழுச் சுதந்திரம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த மூன்று ஆண்டுகள்தான்.

சுதந்திரத்துக்கும் செலவு உண்டு. ஆக்டிவிஷன் இருந்தபோது அதன் மற்ற ஸ்டுடியோக்களான விகேரியஸ் விஷன்ஸ், ஹை மூன் இரண்டும் டெஸ்டினி விரிவாக்க வேலையில் கைகொடுத்தன. பிரிந்த பிறகு எல்லாம் சொந்த ஆட்கள். டெஸ்டினி 2 மாதிரி கேம் ஒரு நாளும் முடியாது. வாரா வாரம் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டம் கலைந்துவிடும். ஹோட்டல் நடத்துவதைப் போல. ஒரு நாள் அடுப்பு அணைந்தால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போவார்.

2022 ஜனவரி 18 அன்று மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷனின் தாய்க் கம்பெனியான ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டையே 6,870 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது. பஞ்ஜியின் பழைய முதலாளி, பழைய பப்ளிஷரை வாங்குகிறார். அதே மாதம் 31 அன்று, பிளேஸ்டேஷன் என்ற போட்டிப் பெட்டியை விற்கும் சோனி, பஞ்ஜியை 360 கோடி டாலருக்கு வாங்குவதாகச் சொன்னது. ஜூலை 15 அன்று அது முடிந்தது. அந்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சுமார் 120 கோடி, ஊழியர்கள் விட்டுப் போகாமல் இருப்பதற்காக ஒதுக்கப்பட்டது. 2007-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு நடந்ததை சோனி மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சோனி ஏன் வாங்கியது? தனியாக ஆடும் கதை கேம்களில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பணம் கொட்டியது ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆன்லைன் கேம்களில். 2026 மார்ச்சுக்குள் பத்துக்கும் மேற்பட்ட அப்படிப்பட்ட கேம்கள் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வித்தை தெரிந்த வாத்தியாராக பஞ்ஜி வந்தது. பதிலுக்கு பஞ்ஜி கேட்டது, தனிக் கம்பெனி போலவே நடக்கவும், எக்ஸ்பாக்ஸ் உட்பட எல்லாப் பெட்டியிலும் தங்கள் கேமைத் தாங்களே வெளியிடவும் அனுமதி. கிடைத்தது. டெஸ்டினியும் கூடவே போனது. ஆக, இந்த முறை எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்றுதான் தோன்றியது.

2023 பிப்ரவரியில் டெஸ்டினி 2-க்கு வந்த ‘லைட்ஃபால்’ விரிவாக்கம் ரசிகர்களைக் கடுப்பேற்றியது. வருமானம் சரிந்தது. 2023 அக்டோபர் இறுதியில் சுமார் 100 பேருக்கு வேலை போனது. 2024 ஜூனில் ‘தி ஃபைனல் ஷேப்’ விரிவாக்கம் பத்தாண்டுக் கதையை அருமையாக முடித்துவைத்தது, ஆடியவர்கள் கொண்டாடினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 31 அன்று 220 பேர், மொத்த ஊழியர்களில் 17 சதவீதம், நீக்கப்பட்டார்கள். இன்னும் 155 பேர் சோனியின் பிற பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரே நேரத்தில் நிறைய கேம்களில் கால் வைத்து அகலமாகப் பரந்துவிட்டோம் என்று தலைவர் பீட் பார்சன்ஸ் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இதை சோனியின் கொடுமை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு ஹோட்டல் லாபத்தில் ஐந்து ஹோட்டல் திறக்கப் பார்த்தது பஞ்ஜியின் சொந்த முடிவு. கணக்கு உதைத்தபோது சோனி இல்லாமல் இருந்திருந்தால் 1998 போல இன்னொரு வாங்குபவரைத்தான் தேடியிருப்பார்கள்.

2025 ஆகஸ்டில் பார்சன்ஸ் விலகி, ஜஸ்டின் ட்ரூமன் பொறுப்பேற்றார். பஞ்ஜியின் தனித்தன்மை மெல்லக் குறைந்து அது பிளேஸ்டேஷன் ஸ்டுடியோக்களில் ஒன்றாக ஆகிக்கொண்டிருக்கிறது என்று சோனியின் நிதித் தலைவர் லின் டாவ் அதே மாதம் முதலீட்டாளர்களிடம் சொன்னார். நவம்பரில் பஞ்ஜியின் மதிப்பில் 3,150 கோடி யென், அதாவது சுமார் 20 கோடி டாலரைக் குறைத்துக் கணக்கெழுதினார்கள். 2022-இல் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று தோன்றியது என்றேனே, விட்டது எதை என்று இப்போது தெரிகிறது.

இதற்கு நடுவே பெட்டியிலிருந்த பெயரை எடுத்தும்விட்டார்கள். 2023 மே மாதம் சோனியின் நிகழ்ச்சியில் புதிய ‘மாரத்தான்’ அறிவிக்கப்பட்டது. கதை நாயகன் ஒருவன் திரையைப் படித்து நகரும் பழைய வகை கிடையாது. குழுவாக இறங்கி, கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு உயிரோடு வெளியேறும் போட்டி கேம். 2025 செப்டம்பர் 23 என்று குறித்த தேதி தள்ளிப்போனது. 1994-இன் மாரத்தானையும் அதன் இரண்டு தொடர்ச்சிகளையும் பஞ்ஜி 2005-லேயே இலவசமாக்கிவிட்டது. ஆர்வமிருந்தால் இறக்கி ஆடிப் பாருங்கள், திரைச் செய்திகள் இன்றும் ரசிக்கும்படி இருக்கின்றன.

ஹேலோ என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் இருப்பதால். 343 இண்டஸ்ட்ரீஸ் 2024 அக்டோபரில் ‘ஹேலோ ஸ்டுடியோஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2025 அக்டோபரில் முதல் ஹேலோவைப் புதிதாகச் செய்து 2026-இல் வெளியிடப் போவதாக அறிவித்தார்கள். எக்ஸ்பாக்ஸ், பிசியோடு பிளேஸ்டேஷன் 5-இலும் வருகிறது. ஹேலோவைப் பெற்றவர்கள் 2022-லேயே அந்த வீட்டில் குடியேறிவிட்டார்கள். பிள்ளை இப்போதுதான், வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதே வாசலுக்கு வருகிறது.